படக்குறிப்பை எங்கே எழுதுவது? எக்ஸிஃப், ஐஐஎம், எக்ஸ்எம்பி, பக்கக் கோப்பு: ஓர் ஒப்பீடு

ஜேபெக் படக் கோப்புக்குள் குறிப்பு எழுத முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு: எக்ஸிஃப் (கேமரா தானாகப் பதியும் விவரங்கள்), ஐபிடிசி-ஐஐஎம் (செய்தித் துறையின் பழைய முறை, சுருக்கமாக ஐஐஎம்), எக்ஸ்எம்பி (அடோபியின் புதிய முறை). கோப்பைத் தொடக்கூடாது என்றால் பக்கக் கோப்பு, அதாவது படத்துக்குப் பக்கத்தில் குறிப்பை மட்டும் தாங்கும் தனிக் கோப்பு. தமிழில் குறிப்பெழுதுகிறவர்கள் எக்ஸ்எம்பியைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. முக்கியக் காரணம் பைட் கணக்கு.

ஐஐஎம், செய்திப் படங்களுக்காக 1990களின் தொடக்கத்தில் வந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் நீள வரம்பு உண்டு: எடுத்தவர் பெயருக்கு 32 பைட், குறிச்சொல் ஒன்றுக்கு 64, படக்குறிப்புக்கு 2000. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். க, ச போன்ற எழுத்துக்கு ஒரு குறியீடு, கொம்பு போன்ற துணைக்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ‘சுப்பிரமணியன்’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள்: 13 குறியீடுகள், 39 பைட். வரம்பைக் கறாராகப் பார்க்கும் மென்பொருளில் ‘சுப்பிரமணி’யோடு பெயர் அறுந்துவிடும். அதோடு, எழுத்துத் தொகுதிப் புலத்தில் யூடிஎஃப்-8 என்று குறிக்காமல் விட்டால், படிக்கும் மென்பொருள் அதை லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொண்டு குப்பையாகக் காட்டும்.

எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை இல்லை. அடோபி 2001இல் கொண்டுவந்தது. 2012இல் ஐஎஸ்ஓ தரமானது. முழுக்க யூனிகோடு, புலவாரியாக நீள வரம்பு கிடையாது. ஒரே படக்குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழி அடையாளத்தோடு அருகருகே வைக்கலாம். இணையப் படங்களுக்கான வெப்பி (WebP) கோப்பிலும் இதற்கு இடம் உண்டு, ஐஐஎம்முக்கு இல்லை. பலவீனம் ஒன்றுதான்: பழைய மென்பொருள்கள் சில ஐஐஎம்மை மட்டுமே பார்க்கும். அவற்றுக்காக இரண்டிலும் எழுதினால், பிறகு ஒன்றை மட்டும் திருத்தும்போது இரண்டும் முரண்படும். எது சரி என்று அடுத்த மென்பொருளுக்குத் தெரியாது. கோப்பில் ஐஐஎம் ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள். இல்லையென்றால் புதிதாக உருவாக்க வேண்டாம்.

எக்ஸிஃபைக் கேமராவுக்கே விட்டுவிடலாம். 2023இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு, எடுத்தவர் பெயர், விவரணை போன்ற புலங்களுக்கு ஆஸ்கி எழுத்து (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே முறைப்படி அனுமதி. தமிழை எழுதினாலும் மறுமுனையில் எப்படித் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. கேமரா கடிகாரம் பிசகியிருந்தால் நேரத்தைத் திருத்த மட்டும் இதைத் தொடுங்கள். நேர மண்டலப் புலத்தையும் நிரப்புங்கள்.

ரா கோப்புகளுக்கு (கேமரா சென்சர் பதிந்ததைச் சுடச்சுட வைத்திருப்பவை) பக்கக் கோப்பே பாதுகாப்பு. மூலம் மாறாது, காப்புப் பிரதி மென்பொருள் சில கிலோபைட்டை மட்டும் நகலெடுத்தால் போதும். ஆனால் பெயரிடும் முறையைக் கவனியுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம், ரா கோப்பின் பின்னொட்டை நீக்கிவிட்டு .xmp என்று பெயரிடும். அதே வகை மென்பொருளான டார்க்டேபிள், முழுப் பெயரின் பின்னால் .xmp சேர்க்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒரே படத்துக்கு இரண்டு பக்கக் கோப்புகள் கிடக்கும். இடம் மாற்றும்போது படத்தை மட்டும் இழுத்துப் போட்டால் குறிப்பு பின்தங்கிவிடும். கைமாறப்போகும் ஜேபெக்குக்கு இது ஒத்துவராது, உள்ளேயே எழுதுங்கள்.

உள்ளே எழுத எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் நல்ல தேர்வு. படப்புள்ளிகளைத் தொடாது, இயல்பாகவே பழைய கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளும். படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து சேமித்தாலோ ஜேபெக் மறுபடி சுருங்கித் தரம் குறையும்.

இருப்பிடத்தை நீக்கும்போது எக்ஸிஃபில் உள்ள ஜிபிஎஸ்ஸோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ்எம்பியிலும் அதே ஆயங்கள் இருக்கலாம், ஊர்ப்பெயர் ஐஐஎம்மில் தனியாக இருக்கலாம். வெட்டிய படமென்றால் எக்ஸிஃபுக்குள் பதிந்த சிறுபடத்தையும் பாருங்கள். சில மென்பொருள்கள் அதைப் புதுப்பிக்காததால் வெட்டி நீக்கிய பகுதி அதில் அப்படியே தெரியும்.