20-ம் தேதி போன் எடுக்காத மேடம்

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வயர், ஸ்விட்ச், ஃபேன், பல்பு, அவ்வளவுதான். மூன்று வருடமாக என் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துத் தருபவர் எப்படி என்று கடைக்காரர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் இது. பெயர் போட வேண்டாம், இருக்கிற கூட்டமே போதும் என்று சொல்லிவிட்டார். மேடம் என்றே எழுதுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி குறுகல். வருபவர்களுக்கு நாற்காலி இரண்டு, அதில் ஒன்றில் எப்போதும் ஃபைல் உட்கார்ந்திருக்கும். விற்பனை விவரம் ஏற்றும் 11-ம் தேதியும், 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டுப் பணம் கட்டும் 20-ம் தேதியும் போன் எடுக்கவே மாட்டார். எதைக் கேட்டாலும் வாய்ஸ் மெசேஜ், அதுவும் பின்னால் குக்கர் விசில் சத்தத்தோடு. மாதம் 800 ரூபாயில் ஆரம்பித்த கட்டணம் இப்போது 1,200. ஆனால் அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது! சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். "அந்த நாள் வந்தா உங்க எல்லாருக்கும் விருந்து வைக்கிறேன் அண்ணாச்சி" என்பார்.

இதற்கு முன்பு ஒருவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு மாதத்து 3பி-யை 40 நாள் தாமதமாகப் போட்டார். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 2,000 தண்டம், வட்டி தனி. அதோடு அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

மேடத்திடம் போன முதல் வாரம் நடந்ததைத்தான் எல்லோரிடமும் சொல்வேன். காம்போசிஷன் என்கிற சிறு வியாபாரிகள் திட்டத்துக்கு மாறினால் வரி 1 சதவீதம்தானே, எதற்கு 18 சதவீதத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டேன். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். வருடத்துக்கு 50 லட்சத்துக்குச் சரக்கு வாங்கி 60 லட்சத்துக்கு விற்கிறேன் என்று வைத்துக்கொண்டார். வாங்கும்போது 9 லட்சம் வரி கொடுக்கிறேன். விற்கும்போது 10 லட்சத்து 80 ஆயிரம் வசூலிக்கிறேன். வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரத்தை அரசுக்குக் கட்டுகிறேன். அதை என் கைப்பணம் என்று நினைத்துத்தான் மாதாமாதம் வயிறெரிந்துகொண்டிருந்தேன். "இதுல உங்க காசு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். தாளை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இல்லை. என் 10 லட்சம் அப்படியே நிற்கிறது. கட்டியது முழுக்க வாங்க வந்தவர்கள் கல்லாவில் போட்டுவிட்டுப் போனது.

அப்புறம் காம்போசிஷன். அதில் பில்லில் வரி என்று ஒரு பைசா கேட்கக் கூடாது. 1 சதவீதத்தை நாமே கட்ட வேண்டும். வாங்கியபோது கொடுத்த 9 லட்சமும் திரும்பாது. ஆனால் அதே மொத்த விலைக்கு, அதாவது 70 லட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்றால், சரக்குக்குக் கொடுத்த 59 லட்சமும் 70,800 வரியும் போகக் கையில் 11 லட்சத்துச் சொச்சம். லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதல்! வாங்குகிறவர் கொடுக்கும் தொகை இரண்டிலும் ஒன்றுதான். உடனே மாறிவிடலாம் என்றேன். "காண்ட்ராக்டர்கள் எவ்வளவு எடுக்கறாங்க?" என்று கேட்டார். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு என்றேன். வாங்கும்போது கொடுத்த வரியைத் தாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வதுதான் கழிவு; வரி பில் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது கிடைக்காது, அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மாறவில்லை. மாற்றிவிட்டிருந்தால் அவருக்கும் வேலை குறைந்திருக்கும், மாதாமாதம் இவ்வளவு தாக்கல் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டார் பாருங்கள், அதற்கே 1,200 கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வழியையும், பில் மாதாமாதம் ஏறாவிட்டால் கழிவு தாமதமாகுமே என்று இதே காண்ட்ராக்டர்களுக்காக விட்டுவிட்டோம்.

போன வருடம் ஒரு சப்ளையரிடம் 80,000 ரூபாய்க்கு வயர் எடுத்தேன். 14,400 வரியும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. அந்த ஆள் அதைத் தன் கணக்கில் ஏற்றவே இல்லை. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டி 14-ம் தேதி வரும் 2பி பட்டியலில் அந்த பில்லைக் காணோம் என்று மேடம்தான் பிடித்தார். பட்டியலில் இல்லாத பில்லுக்குக் கழிவு எடுக்க முடியாது. அதாவது சப்ளையர் தூங்கினால் 14,400 என் பாக்கெட்டிலிருந்து இரண்டாவது முறை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். அடுத்த சரக்குக்குக் கொடுக்க வேண்டியதில் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார் மேடம். இரண்டே மாதத்தில் பில் ஏறிவிட்டது.

2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று டிவியில் வந்த மறுநாள், கொத்தனார் ஒருவர் பல்பு வாங்க வந்தார். "நமக்கெல்லாம் எந்தக் காலத்துல வரி இருந்துச்சு" என்று சிரித்தார். பில்லில் 118 ரூபாய். 100 பல்புக்கு, 9 டெல்லிக்கு, 9 சென்னைக்கு. விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதலாளி வந்து வாங்கினாலும் இதே 18-தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பல்பை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருடம் செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது கடையில் ஒரே கேள்வி: ஃபேன் எவ்வளவு குறையும்? ஃபேன் முன்பும் 18, பின்பும் 18. முந்தின நாள் இரவே மேடத்தின் வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. என் கடையில் மாறுவது சோலார் விளக்கு மட்டும், 12-லிருந்து 5, பில்லிங் மெஷினில் ராத்திரியே மாற்றிவிடுங்கள் என்று. இந்த ஒரு முறை குக்கர் சத்தம் இல்லை, மணி பதினொன்றரை.

புதிதாகப் போகிறவர்கள் 21-ம் தேதிக்கு மேல் போங்கள், பில்களைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு. 20-ம் தேதி போனால் வாசலில் செருப்பு விடக்கூட இடமிருக்காது.