அம்மாவுக்காக வாங்கிய மீத்தேன் அலாரம்: நான்கு வருடக் கணக்கு

2021இல் கொரோனா வந்துபோன பிறகு அம்மாவுக்கு வாசனை பிடிபடுவதில்லை. ரசம் பொங்குவதைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். மறு வருடம் சோழிங்கநல்லூரில் எங்கள் குடியிருப்புக்குக் குழாய் எரிவாயு வந்ததும் நான் முதலில் வாங்கியது மீத்தேன் அலாரம்.

பொருத்த வந்தவர் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார். சிலிண்டர் காலத்துப் பழக்கம். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே தேங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன்; எடை காற்றில் பாதிக்குச் சற்றே மேல், நேராகக் கூரைக்குப் போய்விடும். கையேட்டைப் படிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை அலாரம் காலடியில் வெறுமனே பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. பிறகு நானே ஏணி போட்டுக் கூரையிலிருந்து ஒரு சாண் கீழே மாற்றினேன்.

உள்ளே இருப்பது சூடேற்றிய டின் ஆக்சைடு. அதன் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் மின்னோட்டத்தைத் தடுக்கும். மீத்தேன் வந்து அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் தடை குறையும், அலாரம் ஒலிக்கும். காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால்தான் மீத்தேன் தீப்பற்றும். என் அலாரம் 0.5 சதவீதத்திலேயே கத்திவிடும். சிக்கல் என்னவென்றால், சானிடைசர், கொசு மருந்து, வாசனைத் திரவியம் எல்லாமே அதற்கு எரிவாயுதான். முதல் வருடம் பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டே அலுத்துப்போனேன். சிலிகான் கலந்த பாலிஷ் இன்னும் மோசம், சென்சாரையே மந்தமாக்கிவிடும். அதை வீட்டுக்குள் விடுவதில்லை.

பெரிய குறை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. குழாயில் எரிவாயு வந்துகொண்டிருந்தது, அலாரம் செத்துக் கிடந்தது. பேட்டரி உள்ளதாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள், ஜன்னல்களெல்லாம் மூடியிருந்தன. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அம்மா அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கசிவு தெரிவதற்காக எரிவாயுவில் கலக்கும் மெர்கேப்டனின் நாற்றம் அவருக்கு எட்டவில்லை.

"உன் பெட்டி அழுகிறது, வந்து பார்" என்று கூப்பிட்டார்.

மாடியிலிருந்து ஓடி வந்தேன். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்தேன். எக்ஸாஸ்ட் விசிறி பக்கம் போன அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுவிட்சின் சிறு பொறி போதும்.

இந்தக் கதையைக் கேட்ட சங்கச் செயலாளர், கழிவுநீர்த் தொட்டியைத் திறக்கும் நாளில் அலாரத்தை இரவல் கேட்டார். தரவில்லை. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும், ஆக்சிஜனும் குறைந்திருக்கும். இதற்கு இரண்டுமே தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் கையடக்கக் கருவி தனி. தவிர, பாதுகாப்புக் கவசமில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துகிறேன். அது ஒலி வருகிறதா என்று காட்டுமே தவிர, சென்சார் தேய்ந்திருப்பதைச் சொல்லாது. பின்புறம் 2027இல் மாற்றும்படி அச்சிட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. தீபாவளிக்குள் பேட்டரி வைத்த ஒன்றை வாங்கிவிடுவேன்.