பொனி எம் கெசட்டும் மூன்று ரூபா பாக்கியும்

போன வாரம்தான் ஹட்டனில் கொடுத்திருந்த கெசட் பிளேயர் திருத்தி வந்தது. பெல்ட் தளர்ந்து, பாட்டெல்லாம் காய்ச்சல்காரன் முனகுவது மாதிரி இழுத்துக்கொண்டு கிடந்தது. புது பெல்ட் போட்டு, ஹெட்டைத் துடைத்துத் தர 1,800 ரூபா. இதைக் கேள்விப்பட்ட பண்டாரவளைச் சிநேகிதன் போன் எடுத்தான். "மச்சான், அந்த பொனி எம் கெசட்டுக்காகவா இவ்வளவு செலவு? அவ்வளவு நல்லதென்றால் நானும் ஒன்று தேடி வாங்கவா?" அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை எழுதியே விடுகிறேன்.

எழுபதுகளின் டிஸ்கோக் குழுவான பொனி எம் யாரென்று மலைநாட்டில் விளக்க வேண்டியதில்லை. சடங்கு வீடோ கல்யாண வீடோ, ஸ்பீக்கர் செட் கட்டினால் விடியற்காலை பிள்ளையார் பாட்டு, பகலில் எம்.ஜி.ஆர். பாட்டு, இருட்டி நாலு பேர் கிளாஸைக் கவிழ்த்த பிறகு 'ரஸ்புட்டின்'. ஒரு சொல்லும் புரியாது. தோட்டத்து லயத்து வாசலே அதிரும். அந்தக் கனத்த ஆண்குரல் மேடையில் ஆடிய பொபி ஃபாரலுடையது அல்ல, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிய வந்தது. பலருக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு இல்லை. குழுவின் பாடகி லிஸ் மிச்செலின் குரல் உண்மையானது, அது போதும்.

என் கோபம் வேறு. என்னிடம் கெசட்டில் பதிந்து இருப்பது 1980இல் வந்த 'த மேஜிக் ஒஃப் பொனி எம்' தொகுப்பு. இருபது பாட்டு, ஒரே இசைத்தட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம் வசதியாக அடங்கும். அதற்கு மேலே போனால் கோடுகளை நெருக்க வேண்டும், ஒலியைக் குறைக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பாட்டை எப்படி அடைப்பது? பாட்டுகளையே கத்தரித்துவிட்டார்கள். 1978இன் 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' தட்டில், தலைப்புப் பாட்டு முடியும்போதே மேளம் தொடர்ந்து வந்து ரஸ்புட்டினுக்குள் நுழையும். பிறகு ஆறு நிமிடத்தை ஒட்டி ஓடும். தொகுப்பில் அந்த நுழைவும் இல்லை, அந்த நீளமும் இல்லை. 'மா பேக்கர்' கதையும் அப்படித்தான். தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைத்தால் சூடேறிக் கருகிப்போகும், நிறுவையில் கழித்துவிடுவார்கள். இதை எவரும் கழிக்கவில்லை.

ஆனால் இந்த விஷயம் எனக்கு முப்பது வருடமாகத் தெரியாது. தெரியாததால் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

1982. எனக்கு 14 வயது. டவுனில் ஒரு ரெக்கோர்டிங் பார் இருந்தது. வெற்று கெசட்டைக் கொடுத்தால் தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு அரை மணி ஓடும் சி-60 கெசட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்கார அண்ணன். பதிவுக்கூலி 15 ரூபா. கெசட்டை அங்கேயே போட்டுக் கேட்டேன். சடங்கு வீடுகளில் கேட்டு மனப்பாடமான ரஸ்புட்டின் அரைகுறையாக முடிந்தது. "அண்ணே, பாட்டை வெட்டிட்டீங்க" என்றேன். "தட்டுல இருந்ததத்தான் தம்பி எடுத்தேன்" என்றார். நான் நம்பவில்லை. கெசட்டை மிச்சம் பிடிக்க வெட்டிவிட்டு என்னை ஏமாற்றுகிறார் என்று 12 ரூபாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் சத்தம் போடவில்லை. அடுத்த வருடம் ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கடை திறக்கவில்லை. குடும்பத்தோடு தலைமன்னார் போய் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார் என்று டவுனில் பேசிக்கொண்டார்கள்.

2011இல் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் அசல் தட்டைப் பார்த்தேன். போடச் சொன்னேன். அதே இடத்தில் அதே அவசரம். அண்ணன் ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை. என் கெசட்டில் முதல் பக்கக் கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. அது கெசட் தீர்ந்துபோனதால், அவர் குற்றமில்லை. மூன்று ரூபா இன்னும் பாக்கி.

சரி, முழுப் பாட்டுகளைத் தேடிக் கேட்டேனா என்றால், கேட்டேன். மகன் போனில் எடுத்துத் தந்தான். இங்கேதான் எனக்கே என்மேல் எரிச்சல். வெட்டியதற்காக இத்தனை வருடம் திட்டியவனுக்கு முழு ரஸ்புட்டின் நீளமாகத் தெரிகிறது! முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் போகும்போது கால் தடுமாறுகிறது. தொகுப்பின் வரிசை மனதில் அப்படிப் பதிந்துவிட்டது. ஒன்று முடியும்போதே அடுத்ததின் முதல் தட்டு காதுக்குள் விழுந்துவிடும். மகளுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவளுக்கு 2021இல் டிக்டொக்கில் ஓடிய, டிஜே மெஜஸ்டிக்கின் ரஸ்புட்டின் ரீமிக்ஸ்தான் அசல். "அப்பா, உங்கள் கெசட்டில் பேஸ் இல்லை" என்கிறாள். உண்மைதான், இல்லை.

மனைவி வேதக்கார வீட்டுப் பெண். ஆட்டப் பாட்டுகள் ஓடும்போது சமையலறையை விட்டு வரமாட்டாள். 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்' வந்தால் மட்டும் கரண்டியோடு வாசலில் வந்து நிற்பாள். அது பைபிளின் 137ஆம் சங்கீதம் என்று எனக்குச் சொன்னதே அவள்தான். 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் பாடியதை பொனி எம் எடுத்துப் பாடினார்கள் என்பதை நான் அவளுக்குச் சொன்னேன். சிறை கொண்டுபோனவர்கள் பாடச் சொல்லிக் கேட்க, அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறவர்கள். அதற்குப் போய் இவ்வளவு துள்ளலான மெட்டு! அவளுடைய பெரியப்பா குடும்பம் மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போனது. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி, யாரோ ஒருவர் மட்டும் தப்படித்தார் என்பாள். அந்தப் பாட்டில் அவளுக்கு எது கேட்கிறதென்று நான் கேட்டதில்லை.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். நம் ஊர் ஈரத்தில் கெசட் வைத்திருப்பவர்கள் ஆனி, ஆடி மழைக்கு முன் எடுத்து ஒருமுறை முழுக்க ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து ஹெட்டையும் கெடுக்கும். என்னுடையதை பிஸ்கட் டின்னில், துணியில் கட்டிய அரிசியோடு வைத்திருக்கிறேன். 43 வருடம் தாங்கிவிட்டது.

மச்சான், உனக்கு என் தீர்ப்பு: வாங்காதே. இருபது பாட்டு என்று ஆசை காட்டி நறுக்கித் தருகிற தொகுப்பு இது. ரஸ்புட்டினும் ரிவர்ஸும் முழுதாக வேண்டுமென்றால் 'நைட்ஃபிளைட் டு வீனஸ்' வாங்கு, மா பேக்கருக்கு 'லவ் ஃபோர் சேல்' வாங்கு. என் கெசட்டை இரவல் கேட்காதே, தரமாட்டேன். திருத்தியவரிடம் இன்னொரு பெல்ட்டும் வாங்கி அந்த பிஸ்கட் டின்னிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.