பிக்கப் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: வண்டி மூக்கை நிமித்துற லெவலிங் கிட்டு மாட்டி ரூ.38,500 போச்சு

கோவத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. இப்பதான் சக்கரத்த நேர் பாக்குற அலைன்மெண்ட் கடையிலேருந்து வர்றேன். முன் டயரு ரெண்டும் உள்பக்கம் கம்பி தெரியுது. வெளிப்பக்கம் பட்டன் புதுசு மாதிரியே இருக்கு. ஆனியில போட்ட டயருங்க இது.

நமக்கு தஞ்சாவூர் பாபநாசம் பக்கம். வண்டி இசுசு டி-மேக்ஸ், மஞ்ச போர்டு. வாழைத்தார், உரம், அறுப்பு சமயத்துல கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு மூட்டை, இதான் பொழப்பு. காலியா நின்னா பின்னாடி தூக்கி, மூக்கு கொஞ்சம் குனிஞ்சாப்ல நிக்கும். ஒன்றரை வருஷமா அது எனக்கு குறையாவே தெரியல. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம ஒரு வீடியோ பாத்தேன். அதுலேருந்துதான் கண்ணு உறுத்த ஆரம்பிச்சுது.

கடை பேரு வேணாம். பைபாஸ் ஓரம் பம்பர், லைட்டு, அலாய் எல்லாம் மாட்டித் தர்ற கடை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் போனேன். சும்மா விசாரிக்கத்தான் போனேன், சத்தியமா. கடைக்காரரு டீ சொன்னாரு, எந்த ஊருன்னாரு, "நமக்கும் அந்தப் பக்கம்தாண்ணே, அம்மா ஊரு வலங்கைமான்"னாரு. அப்பறம் டேப்ப எடுத்தாரு. ஒரு முனைய என் கையில குடுத்து, "நீங்களே தரையில புடிங்கண்ணே"ன்னு சொல்லி மட்கார்டு விளிம்பு வரைக்கும் இழுத்தாரு. பின்னாடியும் அதே மாதிரி. ரெண்டு இஞ்சு வித்தியாசம். என் கையால புடிச்ச டேப்பு, என் கண்ணால படிச்ச நம்பரு. அங்கதான் நான் விழுந்தேன். அளவுல பொய்யே இல்லைங்க. அந்த ரெண்டு இஞ்சு எதுக்கு இருக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

"லெவலிங் கிட்டுண்ணே. முன் ஷாக் மேல ஒரு ஸ்பேசர், அவ்ளோதான். கம்பீரமா நிக்கும், பள்ளத்துல இடிக்காது. அலைன்மெண்ட் நம்ம பொறுப்பு." மொத்தம் ரூ.38,500. பில்லு கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா கூட வரும்ணே, நம்ம ஊருக்காரரு, உங்களுக்கு எதுக்கு"ன்னாரு. எனக்கும் அது நியாயமா பட்டுச்சு பாருங்க! ஸ்பேசருங்கறது ஒரு அதிரசம் சைஸுக்கு அலுமினிய வட்டு. ஊருல லேத்து வச்சிருக்க மாமா பாத்துட்டு சிரிச்சாரு.

காலி வண்டிக்கு அழகாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, நாலு பேரு கேட்டாங்க. முதல் லோடு 20 மூட்டை டிஏபி உரம், ஒரு டன். பின் கமான் பட்டை அமுங்குச்சு, மூக்கு வானத்தப் பாத்துச்சு. அப்பா திண்ணையில உக்காந்துக்கிட்டே சொன்னாரு: "என்னடா, பின்பாரம் ஏத்துன மாட்டுவண்டியாட்டம் நிக்குது?" மாட்டுவண்டி ஓட்டுனவருக்கு ஒரு பார்வையில தெரிஞ்சது எனக்கு ரூ.38,500 குடுத்தப்பறம்தான் தெரியுது. பாரம் ஏறினா பின்னாடி இறங்கும், அப்ப வண்டி மட்டமா நிக்கட்டும்னுதான் கம்பெனிக்காரன் முன்பக்கத்த தாழ்த்தி வச்சிருக்கான். நான் காசு குடுத்து அந்தக் கணக்க அழிச்சிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி திருக்கருகாவூர் தாண்டி வெட்டாத்தங்கரை ரோட்டுல வர்றேன். ஹெட்லைட்டு தென்னமட்டைய காட்டுது, ரோட்ட காட்டல. எதுக்க வந்த பஸ்ஸுக்காரரு டிம்மு டிம்முன்னு அடிச்சு, கிட்ட வந்து நிறுத்தி, எழுத முடியாத வார்த்தையில திட்டிட்டுப் போனாரு. நான் டிம்லதான் வந்தேன். ஸ்டீயரிங் வேற பஞ்சு மாதிரி. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வயலு.

போன் போட்டேன். "செட் ஆகணும்ணே, ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டுனேன். வேகத்தடையில ஏறி இறங்கும்போது டொக்கு டொக்குன்னு சத்தம். "உங்க ஊரு ரோடு அப்படிண்ணே." அப்பறம் பையன் எடுத்து "அண்ணன் வெளிய போயிருக்காரு." அப்பறம் வாட்ஸ்அப்புல நீல டிக்கு மட்டும். நேர்ல போனா, டீ வாங்கிக் குடுத்த அதே ஆளு, "ஓவர்லோடு ஏத்திட்டு வந்து என்னைக் கேட்டா எப்படி சார்?"ங்கறாரு. அண்ணே போயி சார் ஆயிட்டேன். அலைன்மெண்ட் பண்ணதுக்கு பேப்பர் காட்டுங்கன்னேன். மெஷினு ரிப்பேராம்.

கம்பெனி சர்வீஸ்ல தூக்கிப் பாத்தாங்க. சக்கரத்த ஆர்மோட சேக்குற மேல் மூட்டு, அதான் பால் ஜாயிண்ட், அதோட ரப்பரு கிழிஞ்சு கிரீஸ் வெளிய. முன்பக்கம் தூக்குனதுல ஆர்மு கோணம் மாறிப்போச்சு, கேம்பரு, அதான் சக்கரம் சாஞ்சு நிக்கிற கோணம், அளவுலயே இல்லன்னாங்க. "வெளிய மாட்டுனது இருக்கு சார், வாரண்ட்டி வராது." ஆக ரூ.38,500 போக டயரு ரெண்டு, பால் ஜாயிண்ட் ரெண்டு.

எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) புரோக்கரு வேற வயித்துல புளியக் கரைக்கிறாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல கம்பெனி குடுத்த அளவ மாத்தக்கூடாதுன்னு இருக்காம், 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருக்காம். புடிபட்டா மாத்துன ஒவ்வொண்ணுக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டாம். எனக்கு சித்திரையில எஃப்.சி.

என்னென்ன பாத்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னு நெனச்சேன், இப்ப கையி ஓடல. லோடு அடிக்கிற வண்டிக்கு இது வேணாம். பில்லு இல்லாம பத்து பைசா குடுக்காதீங்க, நுகர்வோர் உதவி நம்பரு 1915-க்கு புகார் சொல்லப் போனா அவங்க முதல்ல பில்லத்தான் கேக்குறாங்க. மாட்டியே தொலைச்சவங்க அலைன்மெண்ட் பேப்பர கையில வாங்குங்க, லோடு ஏத்தி வச்சு லைட்டு வெளிச்சத்த கீழ இறக்கச் சொல்லுங்க.

நாளைக்கு காலையில நம்ம ஊரு மெக்கானிக்கிட்ட கழட்டுறேன், கூலி ரூ.3,000 கேட்டிருக்காரு. அந்த வட்டு ரெண்டையும் பாதி விலைக்கு கேட்டு இப்பவே ஒரு தம்பி போன் பண்றான். தர மாட்டேன் தம்பி, இன்பாக்ஸ்ல வராத.