கூலியை எது ஏற்றுகிறது? சட்டமா, ஏரி வேலையா, கம்பெனி பஸ்ஸா

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள சின்ன ஆலைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாங்கூழ் சீசன் மே கடைசியில் சூடுபிடித்தால் ஜூலை வரை தூக்கம் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில் கூலிப் பதிவேடு இரண்டு இருந்ததைப் பார்த்தேன். ஒன்றில் அரசாணைப்படி அடிப்படைக் கூலி, பஞ்சப்படி எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். பெண்கள் அதில்தான் கையெழுத்துப் போடுவார்கள். இன்னொன்று முதலாளியின் மேசை டிராயரில் கிடக்கும். கையில் உண்மையில் கொடுத்த பணம் அதில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

குறைந்தபட்ச கூலியை உயர்த்தினால் வேலை போகுமா போகாதா என்று டிவியில் சண்டை நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வரும். எந்தப் பதிவேட்டில் உயர்த்தப் போகிறார்கள்?

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் கூலி ஏற மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன். அரசு சட்டம் போட்டு ஏற்றுவது ஒன்று. அரசே ஒரு கூலி சொல்லி வேலை கொடுப்பது இன்னொன்று. வேறு வேலை வந்து ஆளை இழுத்துக்கொண்டு போவது மூன்றாவது. கூலியைத் தொடாமல் வீட்டுக்கு நேராகப் பணம் போடுவதையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதலில் சட்டம். 1948-இன் குறைந்தபட்ச கூலிச் சட்டம் அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும் கூலி நிர்ணயித்தது. ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் சென்னையின் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏறும். பென்னாகரத்தில் தக்காளி பொறுக்குகிறவருக்குச் சென்னை விலைவாசி எதற்கு என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். அவர் மகன் படிப்பதும் சென்னையில்தான் என்பதை அப்போது நான் சொல்லவில்லை. இப்போது நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் அட்டவணை என்பதே கிடையாது. எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச கூலி உண்டு. காகிதத்தில் இது பெரிய மாற்றம்தான்.

கூலி ஏறினால் முதலாளி ஆளைக் குறைப்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைச் சோதித்துப் பார்த்த பிரபலமான ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கத்திலும் 410 துரித உணவுக் கடைகளில் வேலையாட்களை எண்ணிப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. முடிவு 1994-இல் வெளிவந்தது, சண்டை இன்னும் ஓயவில்லை, கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஜூஜூவாடிதான் நினைவுக்கு வந்தது. ஓசூரைத் தாண்டி அந்தச் செக்போஸ்ட்டைக் கடந்தால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அங்கே கூலியை வேறு அரசு நிர்ணயிக்கிறது, இங்கே வேறு அரசு. அதே நெடுஞ்சாலை, அதே மாதிரி பட்டறைகள், இரண்டு பக்கமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஆட்கள். நியூ ஜெர்சிக்குப் போகாமலே பார்க்கலாம்.

சரி, வேலை ஏன் குறையவில்லை? கூலியாளை வாங்குகிறவர் ஓர் இடத்தில் ஒருவர்தான் என்றால், சந்தையில் நியாயமாக வரவேண்டிய கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தே அவரால் ஆள் பிடிக்க முடியும். பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1933-லேயே இதை எழுதிவிட்டார். அப்படிப்பட்ட இடத்தில் சட்டம் கூலியை ஓரளவு ஏற்றினால், குறைவது முதலாளியின் லாபம்தானே தவிர வேலை இல்லை. நம் ஊரில் இதை விளக்கப் பொருளாதாரம் தேவையில்லை. சீசனுக்கு முன்பே மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருக்கும் மேஸ்திரியிடமிருந்து ஒரு பெண் வேறு ஆலைக்குப் போக முடியுமா என்று கேட்டால் போதும்.

ஆனால் தொழிலுக்குத் தொழில் கணக்கு மாறும் என்பதை இந்த விவாதக்காரர்கள் சுலபமாக மறந்துவிடுகிறார்கள். மாங்கூழையே எடுங்கள். ஏறக்குறைய இரண்டு கிலோ பெங்களூரா ரக மாம்பழத்துக்கு ஒரு கிலோ கூழ். ஒரு பேச்சுக்கு, ஒரு பெண் நாளைக்கு 500 கிலோ பழம் தரம் பிரித்து வெட்டுகிறார் என்று வையுங்கள். அவர் கூலியை நாளைக்கு 100 ரூபாய் ஏற்றினால் கூழின் அடக்கவிலை கிலோவுக்கு 40 பைசா ஏறும். பழத்தின் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாயிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் 14 ரூபாய் ஏறும். 2025 சீசனில் பழ விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு ஆலை 8, அரசு 4 என்று மொத்தம் 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தது. சித்தூர் ஆலைகள்தான் நமக்குப் போட்டி. ஆலையை நிமிர்த்துவதும் சாய்ப்பதும் பழ விலை, டின், டீசல், வெளிநாட்டு ஆர்டர். கூலியால் மூடினேன் என்று சொன்ன ஆலையின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். வங்கி வட்டி கூலியைவிடப் பெரிதாக இருந்தது.

புளி அப்படி இல்லை. புளியில் ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் நீக்குகிற வேலைதான் கிட்டத்தட்ட எல்லாமே. வியாபாரி மூட்டையை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார், கிலோ கணக்கில் கூலி. நாள் கூலி 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் விடிந்ததிலிருந்து 15 கிலோதான் தட்ட முடியும் என்றால் கிலோவுக்கு 30 ரூபாய் தர வேண்டும். கிலோவுக்கு 15 ரூபாய்க்கு ஆள் கிடைக்கிற இடத்தில் எந்த வியாபாரி 30 கொடுப்பார்? 1948 சட்டமே வீட்டுக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கும் வேலையாளையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. குறைந்தபட்ச கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் ஒரு ராஜஸ்தான் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் திண்ணைக்கு வருகைப் பதிவேடு கிடையாது. தொழிலாளர் துறை அதிகாரி வந்தாலும் அவர் பார்ப்பது மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவே ஒரு புளிக் குவியலைத்தான். இங்கே சட்டக் கூலியை உயர்த்தினால் வேலை போகாது. கூலியும் ஏறாது. ஒன்றுமே நடக்காது.

சட்டம் உண்மையில் வேலை செய்கிற இடம் ஓசூர். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கியில் சம்பளம், கேட்டில் அட்டை. நிரந்தரத் தொழிலாளி சங்கம் வைத்துப் பேரம் பேசிக்கொள்வார். அவர் பக்கத்தில் அதே லைனில் நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அரசாணைக் கூலிதான் உச்சவரம்பு மாதிரி ஆகிவிட்டது. அரசாணை ஏறினால்தான் அவருக்கு ஏறும். அதற்கு ஒரு விலையும் உண்டு. சியாட்டிலில் 2016-இல் மணிக்கூலி 13 டாலர் வரை போனபோது குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரம் குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். ஜெர்மனி 2015-இல் 8.50 யூரோ என்று முதன்முறையாக நிர்ணயித்தபோது வேலை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஆட்கள் சின்ன நிறுவனங்களிலிருந்து திறமையாக நடக்கும் பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள். ஓசூர் சிட்கோவில் நாலு லேத் மெஷின் வைத்திருப்பவருக்கு இந்த 'நகர்ந்தார்கள்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான்தான் கணக்கு எழுதுகிறேன்.

அடுத்தது ஏரி வேலை. 2006 பிப்ரவரி 2-இல் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் திட்டம், 2008 ஏப்ரலுக்குள் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நாளைக்கு 336 ரூபாய். செய்த வேலையை அளவெடுத்துப் போட்டால் கையில் வருவது அதற்கும் கீழே. குறைந்தபட்ச கூலியோடு இதற்கு இருந்த தொடர்பை மத்திய அரசு 2009-லேயே வெட்டிவிட்டது. தொகை சின்னதுதான். அப்படியிருந்தும் இந்த இரண்டு மாவட்டக் கிராமங்களில் உண்மையான குறைந்தபட்ச கூலி எது என்று கேட்டால் அரசாணையைவிட ஏரி வேலையைத்தான் சொல்வேன்.

காரணம், சட்டம் முதலாளியிடம் "இவ்வளவு கொடு" என்கிறது. அதை வாங்கித் தர ஓர் அதிகாரி வேண்டும். ஏரி வேலை அந்தப் பெண்ணிடம் "வேண்டாம் என்று சொல்" என்கிறது. அதைச் சொல்ல அவருக்கு யாரும் வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதும் இங்கே சின்ன விஷயம் இல்லை. வயல்காட்டு வேலையில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்பது தாத்தா காலத்து வழக்கம். இம்பர்ட், பாப் என்ற இரு ஆய்வாளர்கள் திட்டம் முதலில் வந்த மாவட்டங்களைப் பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டு, வெளிக்கூலியும் ஏறியதைக் கண்டார்கள். அன்றைய ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் கூலி பட்டுவாடாவைச் சீர்செய்த மண்டலங்களைப் பார்த்தார்கள். ஏழைகளின் வருமான உயர்வில் பெரும்பங்கு திட்டத்துப் பணத்தால் வரவில்லை, வெளிவேலையின் கூலி ஏறியதால் வந்தது. வெளிவேலை குறையவும் இல்லை.

இராயக்கோட்டைப் பக்கம் என் பெரியப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறார். அவர் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார். "ஏரியில உட்கார்ந்து கதை பேச 300 ரூபா, என் தோட்டத்துக்கு ஆள் வர 400 கேக்குறா. சந்தையில பெட்டி நூறுக்குப் போனா நான் எங்க போறது?" அவர் சொல்வதிலும் பொய் இல்லை. தக்காளி பறிக்க மெஷின் கிடையாது, விலை அவர் கையில் இல்லை. கூலி ஏறும்போது அவரைப் போன்ற சிறு விவசாயியின் லாபத்திலிருந்துதான் அது போகிறது. ஆனால் பெரியம்மா அதே ஏரி வேலைக்கு அட்டை வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

திட்டத்தின் பெரிய ஓட்டை பணம் வரும் நாள். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலி பாக்கி மட்டும் ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. மூன்று மாதம் கழித்து வரும் 336 ரூபாயை வைத்து யாரும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 ஆகிறது. ஆனால் நடவு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். நாட்களின் எண்ணிக்கை கூடியதை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த 60 நாள்தான் உறுத்துகிறது. ஆள் தேவை உச்சத்தில் இருக்கும்போதுதான் பேரம் பேச முடியும். அந்த நேரத்தில் மாற்று வேலையை மூடிவிட்டு, எந்தத் தோட்டத்துக்கும் ஆள் வேண்டாத மாதத்தில் திறப்பது பெரியப்பாவுக்குச் சாதகம், பெரியம்மாவுக்கு இல்லை.

மூன்றாவது, கம்பெனி பஸ். அந்த டிராயர்ப் பதிவேட்டின் மீதிக் கதை இதில்தான் இருக்கிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட்டிலும் எலக்ட்ரானிக்ஸும் மின்சார ஸ்கூட்டரும் காலணியும் வந்தபிறகு, விடிகாலையில் ஊர் முனையில் பஸ் நிற்க ஆரம்பித்தது. பிளஸ் டூ முடித்த பெண்கள் ஏறிப் போய்விட்டார்கள். 2021 மேயிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும் சேர்ந்தது. பக்கத்து ஊர் ஆலைக்குப் போகச் செலவு இல்லையென்றால் உள்ளூர் ஆலைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை. மாங்கூழ் ஆலைக்கு ஆள் கிடைக்கவில்லை. நாலு சீசனில் டிராயர்ப் பதிவேட்டுத் தொகை ஏறி ஏறி அரசாணைத் தொகையைத் தாண்டியே விட்டது. முதலாளி இப்போதும் இரண்டு பதிவேடு வைத்திருக்கிறார், காரணம்தான் தலைகீழ்: பி.எஃப்.பை குறைந்த தொகைக்குக் கட்டலாம் அல்லவா!

வேகத்தில் பஸ்ஸுக்கு ஈடு கிடையாது. ஆனால் முப்பது வயதைத் தாண்டியவருக்கும், எட்டாவதோடு நின்றவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அந்த பஸ் நிற்பதில்லை. அரூர், சித்தேரி மலைப்பக்கம் அது போவதும் இல்லை. ஆர்டர் குறைந்தால் பஸ்ஸும் குறையும்.

நேரடிப் பணம் பற்றிச் சுருக்கமாக. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை அன்றைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24. செப்டம்பர் 15-இலிருந்து மாதம் ஆயிரம். கேஸும் மளிகையும் கொஞ்சம் சமாளிக்கும், அட்வான்ஸ் வாங்கும் அவசரத்தைக் குறைக்கும். நாள் கணக்குக்கு 33 ரூபாய். கூலியை அது ஏற்றும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

ஆக, எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் 15 நாளில் பணம் வரும் ஏரி வேலையை எடுப்பேன், வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஓசூருக்கு மட்டும் என்றால் சட்டக் கூலியைத் தயங்காமல் ஏற்றச் சொல்வேன், அங்கே தாங்கும். லேத்துக்காரருக்கு அரசு வட்டியில் ஏதாவது செய்யட்டும், காண்ட்ராக்ட் தொழிலாளியின் சோற்றில் வேண்டாம். புளிக்கு நாள் கூலி அரசாணை உதவாது. கிலோவுக்கு இவ்வளவு என்று சீசனுக்கு முன்னால் அறிவித்து, கூட்டுறவோ மகளிர் குழுவோ அந்த ரேட்டுக்கு வாங்க ஆரம்பித்தால் வியாபாரியும் வழிக்கு வருவார்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் புளி தட்டுகிறார்கள். இந்த மார்ச்சில் மூட்டை இறங்கியபோது கிலோவுக்கு என்ன என்று கேட்டேன். போன வருஷத்து ரேட்தான் என்றார்கள். ஏப்ரல் 1-இல் பஞ்சப்படி ஏறும் என்றேன். ஒரு அக்கா தலையை நிமிர்த்தாமலே, "யாருக்குப்பா?" என்று கேட்டார்.