ஆர்.வி. வாங்க நாலு வழி: பக்கத்து டீலர், இண்டியானா டீலர், ஷோ, பழைய வண்டி. எங்க பேரம் படியும்?

டெக்ஸாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கோம். ரெண்டு பசங்க, பங்க் பெட் வச்ச 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் (படுக்கை, கிச்சன்னு வீடு மாதிரி இருக்கற ஆர்.வி.ல, வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வகை) ஒண்ணு வேணும், ஏற்கெனவே வீட்ல நிக்கற பிக்கப் இழுக்கற எடைக்குள்ள இருக்கணும், அவ்ளோதான் எங்க கண்டிஷன். இதுக்கு மூணு மாசம் அலைஞ்சோம், கடைசில ஒரே மாடலுக்கு மூணு இடத்துல மூணு புது விலை கையில, பழசு ஒண்ணு தனியா. இனிமே வாங்கப் போறவங்களுக்கு உதவும்னு கணக்கோட எழுதறேன்.

மொதல்ல போன பக்கத்து டீலர் லாட்ல (வண்டிங்கள நிறுத்தி வச்சிருக்கற இடம்) கண்ணாடில ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 51,900 டாலர். அதுக்குக் குறுக்க சிவப்புல ஒரு கோடு, கீழ பெருசா 39,900. 12,000 டாலர் கொறையுதேன்னு எனக்கும் வீட்டம்மாவுக்கும் வாயெல்லாம் பல்லு. அடுத்த வாரம் 40 நிமிஷம் தள்ளி இன்னொரு லாட்டுக்குப் போனா அதே கம்பெனி, அதே மாடல், உள்ள அதே ரூம் அமைப்பு (ஃப்ளோர் ப்ளான்), ஸ்டிக்கர் 49,300. அப்பதான் புரிஞ்சது, ஆடி மாசத்துக்கு முன்னாடியே விலைய ஏத்தி வச்சுட்டு அப்புறம் ஆடித் தள்ளுபடி போடுவாங்களே, அதே கதைதான் இங்கயும்.

கார் வாங்கறப்ப இந்த விளையாட்டு ஓரளவுக்கு மேல நடக்காது. 1958ல மன்ரோனின்னு ஒக்லஹோமா செனட்டர் கொண்டு வந்த சட்டம் இருக்கு, புதுக் கார்னா கண்ணாடில கம்பெனி சொல்ற விலை, ஆப்ஷன் விலை, டெலிவரி சார்ஜ் எல்லாம் ஒட்டியே ஆகணும், வாங்கறவர் கைக்குப் போற வரைக்கும் அதை யாரும் கிழிக்கக் கூடாது. ட்ராவல் ட்ரெய்லருக்கு அப்படி ஒண்ணு கெடையாது. கம்பெனி விலைன்னு ஒண்ணு சொல்லும், டீலர் அதுக்கு மேல ஃப்ரைட் (வண்டிய கொண்டு வர்ற செலவு), ப்ரெப் (வண்டிய தயார் பண்ற கூலி), சோலார் பேக்கேஜ்னு சேத்து தானே ஒரு தாள் அடிச்சு ஒட்டிக்கலாம். அதனால "ஸ்டிக்கர்ல இருந்து 25 பெர்சென்ட் கொறைச்சு வாங்கினேன், 30 பெர்சென்ட் கொறைச்சு வாங்கினேன்"னு யாராவது சொன்னா மொதல்ல எந்த ஸ்டிக்கர்னு கேளுங்க. 25 பெர்சென்ட் எல்லாம் இங்க சாதாரணமா கெடைக்கறதுதான், ஏர்ஸ்ட்ரீம் மாதிரி ஒண்ணு ரெண்டு பிராண்டுதான் பிடிவாதமா எறங்காது.

இன்னொண்ணு, காலமும் மாறிடுச்சு. 2021ல கோவிட் புண்ணியத்துல எல்லாரும் ஆர்.வி. வாங்கினாங்க, அந்த வருஷம் கம்பெனிகள் அனுப்பின வண்டி 6 லட்சத்துக்கு மேல, அப்ப ஸ்டிக்கர் விலைக்கே அடிச்சுப் புடிச்சு வாங்கினவங்க இருக்காங்க. 2023ல அது 3 லட்சத்து 13 ஆயிரம் பக்கம் வந்துடுச்சு, கிட்டத்தட்ட பாதி. டீலர் லாட்ல நிக்கற வண்டியெல்லாம் அவர் சொந்தக் காசுல வாங்கினது இல்ல, பேங்க் கடன் (இதுக்கும் ஃப்ளோர் ப்ளான்னுதான் பேரு), வண்டி நிக்கற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும், ரொம்ப நாள் விக்காம நின்னா அசல்லயும் ஒரு பங்கைக் கட்டச் சொல்லுவாங்க. அதனால எங்க போனாலும் "இந்த வண்டி எப்ப வந்துச்சு"னு ஒரு கேள்வியப் போடுங்க. கோடைலயே அடுத்த வருஷ மாடல் வர ஆரம்பிச்சுடும், நவம்பர் டிசம்பர்ல பழைய மாடல் ஒண்ணு மூலைல தூசியோட நின்னா அதுதான் உங்க வண்டி.

பக்கத்து டீலர்கிட்ட இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதிக நேரம் போனதும் அதிகமா வேர்த்ததும் அங்கதான். 39,900ன்னு போட்டிருந்தத நம்பி உக்காந்தா சேல்ஸ்மேன் நீட்டின தாள்ல ஃப்ரைட்டும் ப்ரெப்பும் சேத்து 2,400, பேட்டரி கேஸ் ஹோஸ் எல்லாம் போட்ட ஸ்டார்ட்டர் கிட் 795, பேப்பர் வேலைக்கான டாக் ஃபீ 225. ஆக 43,320, அதுக்கு மேல டெக்ஸாஸ் வரி 6.25 பெர்சென்ட், 46,000 ஆயிடுச்சு. வண்டிய ஃபேக்டரில இருந்து கொண்டு வர்ற செலவ ஸ்டிக்கர்லயும் சேத்து அப்புறம் தனியாவும் கேக்கறாங்க, கேட்டா எல்லாரும் வாங்கறதுதான் சார்ங்கறாரு. டாக் ஃபீ மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியால 85 டாலருக்கு மேல கேக்க முடியாது, ஃப்ளோரிடால உச்சவரம்பே கெடையாது.

அடுத்து எல்லா டீலரும் கேக்கற கேள்வி, "மாசம் எவ்ளோ கட்ட முடியும்?" இதுக்கு பதில் சொன்னீங்கன்னா முடிஞ்சுது. ட்ரெய்லர் லோன் 15 வருஷம், சில இடத்துல 20 வருஷம் கூட தருவாங்க, 40,000 டாலருக்கு 8 பெர்சென்ட்னா மாசம் 382, டீலர் அதையே 9.5ன்னு போட்டா 418, அந்த வித்தியாசம் கேக்கறப்ப ஒரு தடவை வெளில சாப்பிடற காசுதானேன்னு தோணும், 15 வருஷத்துக்குப் போட்டுப் பாத்தா 6,400 டாலர் பக்கம் வருது. அந்த ஒன்றரை பெர்சென்ட்ல ஒரு பங்கு பேங்க் டீலருக்குக் குடுக்கற கமிஷன். அதாவது முன் ரூம்ல நாலு மணி நேரம் மல்லுக்கட்டி 3,000 கொறைச்சுட்டு பின்னாடி ஃபைனான்ஸ் ரூம்ல சிரிச்சுகிட்டே 6,000 குடுத்துட்டு வரலாம். நான் போறதுக்கு முன்னாடியே க்ரெடிட் யூனியன்ல (நம்ம கூட்டுறவு பேங்க் மாதிரி) லோன் அப்ரூவல் வாங்கி பாக்கெட்ல வச்சிருந்தேன், அதைக் காட்டினதும் அந்த ரூம்ல ஏசி கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எக்ஸ்டெண்டட் வாரண்டி, டயர் ப்ரொடெக்‌ஷன், பெயிண்ட் கோட்டிங்னு வரிசையா வந்ததுக்கெல்லாம் வேணாம் வேணாம்னே சொல்லிட்டிருந்தேன். அந்த வாரண்டி கூட பேரம் பேசற சரக்குதான்ங்கறது பல பேருக்குத் தெரியாது, 3,800ன்னு ஆரம்பிச்சவர் நான் எழுந்திரிக்கறப்ப 2,100ல நின்னாரு.

சரி, அடுத்த கட்சி, இண்டியானா. எல்க்ஹார்ட்னு ஒரு ஊர், அதையும் சுத்துப்பட்டையும் சேத்தா அமெரிக்கால ஓடற ஆர்.வி.ல பெரும்பகுதி அங்க செஞ்சதுதான், நம்ம ஊர்ல பட்டாசுன்னா சிவகாசிங்கற மாதிரி. பிராண்டு நூறு இருந்தாலும் முதலாளி மூணே பேருன்னு சொல்லலாம், ஜேக்கோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் எல்லாம் தார் இண்டஸ்ட்ரீஸ், ஃபாரஸ்ட் ரிவர் வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் 2005ல வாங்கினது, க்ராண்ட் டிசைன் வின்னபேகோ கையில. அடில இருக்கற ஃப்ரேம், ஸ்லைடு (நிறுத்தின எடத்துல ரூம அகலமாக்க வெளிய நீளற பக்கச் சுவர்) மெக்கானிசம் பெரும்பாலும் லிப்பர்ட்னு ஒரே கம்பெனி. ஃபாரஸ்ட் ரிவர்லயே ராக்வுட்னு ஒண்ணு, ஃப்ளாக்ஸ்டாஃப்னு ஒண்ணு, ஸ்டிக்கர் கலரத் தவிர ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க, ஒண்ணு இந்த டீலர் விப்பாரு இன்னொண்ணு அந்த டீலர் விப்பாரு. இந்த மாதிரி ஜோடி இருக்கற வண்டியத் தேடறவங்களுக்கு யோகம், ரெண்டு பேரையும் மோத விட்டு வேடிக்கை பாக்கலாம்.

ஃபேக்டரிக்குப் பக்கத்துலயே இருக்கற, கொறைஞ்ச லாபத்துல நெறைய வண்டி விக்கற டீலர்ங்க போன்லயே விலை சொல்லிடறாங்க, பேரமே இல்ல. நான் கேட்டவர் 35,200ன்னாரு, ப்ரெப் கெடையாது, டாக் ஃபீ உள்ளயே. டெக்ஸாஸ் வரி 2,200 சேத்தா 37,400. 46,000த்த பாத்துட்டு இதப் பாத்தா எப்படி இருக்கும் சொல்லுங்க! ஆனா வண்டி ஆயிரம் மைல் தள்ளி நிக்குது. கொண்டு வர்றதுக்கு மைலுக்கு 2 டாலர் கேட்டாங்க, அது ஒரு 2,000, ஆக 39,400. நாமளே போய் இழுத்துட்டு வரலாம்தான், ரெண்டு நாள் லீவு, ஹோட்டல், ட்ரெய்லர் மாட்டினா பிக்கப் 10 மைலுக்கு ஒரு கேலன் குடிக்கும், அதை விட முக்கியம் இதுக்கு முன்னாடி ஒரு ட்ரெய்லரும் இழுக்காதவன் மொத மொதல்ல ஆயிரம் மைல் ஹைவேல இழுக்கறது. வீட்ல அந்தப் பேச்சையே எடுக்க விடல.

வாரண்டி வேலைதான் இதுல உள்குத்து. கார் மாதிரி எந்த டீலர்கிட்ட வேணா போய் நிக்கலாம்னு நெனைக்காதீங்க. பேப்பர்ல போகலாம், நடைமுறைல உள்ளூர் டீலர் தன்கிட்ட வாங்கினவங்களத்தான் மொதல்ல பாப்பாரு, கம்பெனி வாரண்டி வேலைக்குக் குடுக்கற கூலி கம்மிங்கறதால வெளில வாங்கின வண்டிய எடுக்கவே மாட்டேங்கறவங்களும் உண்டு. புது ட்ரெய்லர்ல மொத வருஷம் ஏதாவது ஒண்ணு வந்தே தீரும், இத ஆர்.வி. வச்சிருக்கற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. டெக்ஸாஸ்ல லெமன் சட்டத்துக்குள்ள (திரும்பத் திரும்ப ரிப்பேராகற புது வண்டிக்கு கம்பெனிய பொறுப்பாக்கற சட்டம்) ட்ரெய்லரும் வருது, ஆனா பல மாநிலங்கள்ல வராது, அங்க இருக்கறவங்களுக்கு டீலர் உறவு இன்னும் முக்கியம்.

ஷோ பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஜனவரில டாம்பா, செப்டம்பர்ல பென்சில்வேனியால ஹெர்ஷி, இது ரெண்டும் பெருசு, நாங்க போனது உள்ளூர் ஷோ. ஒரே கூரைக்குக் கீழ அம்பது வண்டிக்குள்ள ஏறி எறங்கலாம், பசங்க பங்க்ல படுத்துப் பாக்கலாம், அதுக்கு அருமையான இடம். விலை? "இந்த ஷோ விலை ஞாயித்துக்கெழமை சாயங்காலத்தோட போச்சு"ன்னாங்க. வரியோட 41,200. செவ்வாய்க்கெழமை அவங்களே போன் பண்ணி அதே விலைக்குத் தர்றோம்னாங்க. ஷோவுக்குப் போங்க, செக் புக்க வீட்ல வச்சுட்டுப் போங்க.

பழைய வண்டிதான் என் மனசு ரொம்ப நாள் ஊசலாடின இடம். 2021 மாடல், கிட்டத்தட்ட இதே ஃப்ளோர் ப்ளான், ஒரு ரிட்டயர்டு தம்பதி, 24,500. 2021ல உச்ச விலைக்கு வாங்கின வண்டிங்க எல்லாம் இப்ப இப்படித்தான் வெளில வருது, பாவம் அவங்க லோன் பாக்கி அதை விட அதிகமா இருக்கும் போல, 24,500க்குக் கீழ ஒரு டாலர் கூட எறங்க முடியாதுன்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கே பேரம் பேச வாய் வரல. இங்க பேரத்துக்கு இருக்கற ஒரே ஆயுதம் இன்ஸ்பெக்‌ஷன். தனியா ஆர்.வி. இன்ஸ்பெக்டர்னே இருக்காங்க, எங்களுக்கு 600 டாலர் ஆச்சு, கூரை ஓரத்துல தண்ணி எறங்கி உள்ள மரம் ஊறியிருக்குன்னு படத்தோட எழுதிக் குடுத்தாரு. தண்ணி எறங்கின ட்ரெய்லர் கரையான் புடிச்ச வீடு மாதிரி, வெளில வால்பேப்பர் பளபளன்னு இருக்கும். விட்டுட்டோம். அது மட்டும் இல்லன்னா வரி 1,530, நாலு டயர் 600, இன்ஸ்பெக்டருக்கு 600, எல்லாம் சேத்து 27,300க்குள்ள முடிஞ்சிருக்கும், மத்த மூணையும் விட பத்தாயிரத்துக்கு மேல மிச்சம். மொத ட்ரெய்லர், வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போவோம், கையில கொஞ்சம் ரிப்பேர் வேலை தெரியும்ங்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், ஆனா பொறுமை வேணும், பத்து வண்டி பாத்தா ஒண்ணு தேறும்.

நாங்க என்ன பண்ணோம்னா இண்டியானாக்காரர் ஈமெயில்ல அனுப்பின 35,200 விலைய ப்ரின்ட் எடுத்துட்டு பக்கத்து டீலர்கிட்டயே திரும்பப் போனோம், மாசக் கடைசி, மழை நாள், லாட்ல ஈ காக்கா இல்ல. ஸ்டிக்கரப் பத்தி நான் பேசவே இல்ல, தள்ளுபடி பெர்சென்ட்டும் பேசல. "வரிக்கு முன்னாடி எல்லா ஃபீயும் சேத்து ஒரே நம்பர், 37,000, இப்பவே டெபாசிட் கட்டறேன்"னேன். அவர் மேனேஜரப் பாக்கப் போனாரு, வந்தாரு, மறுபடி போனாரு, இது ஒரு நாடகம், நீங்க பாட்டுக்கு காபி குடிங்க. 39,500ன்னாரு. எழுந்துட்டோம். ரங்கநாதன் தெருல கடைய விட்டு எறங்கி நாலு எட்டு வச்சா கூப்புடுவானே, இங்க அந்த நாலு எட்டுக்கு மூணு நாள் ஆச்சு, அவ்ளோதான் வித்தியாசம். வியாழக்கெழமை போன் வந்துச்சு, 37,900, வரியோட 40,270 பக்கம். இண்டியானால வாங்கி ஆள் வச்சுக் கொண்டு வர்றத விட ஒரு 870 டாலர் ஜாஸ்தி, அந்த 870 எனக்கு வாரண்டிக்குக் குடுத்த காசு. நாலாவது மாசமே ஸ்லைடு ஓரத்துல ரப்பர் பிஞ்சு மழைத் தண்ணி வந்துச்சு, ஒன்பது நாள்ல சரி பண்ணிக் குடுத்தாங்க. அதே சமயம் வெளி மாநிலத்துல வாங்கின நண்பர் ஒருத்தர் அவர் ஏரியால ரெண்டு டீலர்கிட்ட கேட்டு ஏழு வாரத்துக்கு அப்புறம்தான் தேதின்னு சொல்லிட்டாங்கன்னு பொலம்பினாரு.

இவ்ளோ சாமர்த்தியம் பேசறவன் கோட்ட விட்ட எடமும் இருக்கு. டெலிவரி அன்னைக்கு வண்டி முழுக்க நாங்களே செக் பண்ணி, தண்ணி திறந்து, ஏசி போட்டு, ஸ்லைடு ரெண்டு தடவ உள்ள வெளிய ஓட்டி, எல்லாம் முடிச்சுட்டுதான் கையெழுத்துன்னு கெத்தா நின்னேன். கையெழுத்தும் போட்டாச்சு, கிளம்பலாம்னு பிக்கப்ப ரிவர்ஸ் எடுத்தா சர்வீஸ் பையன் வந்து "சார், ஹிட்ச் எங்க?"ன்னான். ஹிட்ச்னா ட்ரெய்லர பிக்கப்போட மாட்டற கொக்கி, எடையப் பரப்பிக் குடுக்கற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இல்லாம அந்த எடைய இழுக்கக் கூடாது, ட்ரெய்லர் பிரேக்க இயக்கற பிரேக் கண்ட்ரோலரும் பிக்கப்ல கெடையாது, ரெண்டும் அந்த ஒரே நம்பர் பேப்பர்ல நான் எழுத வைக்கவே இல்ல. 1,150ன்னாங்க, பேரம் பேச எனக்குப் பின்னாடி போறதுக்கு எந்தக் கடையும் இல்ல, பசங்க ரெண்டும் ஏற்கெனவே பங்க்ல ஏறிப் படுத்தாச்சு. கார்ட நீட்டினேன். வீட்டம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டு சிரிச்சுகிட்டே இருந்தா.