ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சரி, பதினொன்றுக்குப் போகலாம் என்றால் இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ5. அது கேட்கிற பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 இருந்தும் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினை ஒதுக்கி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. திருப்பூர்க் கடையில் கேட்டால், "புதுசா ஒன்னு எடுத்துக்கோங்ணா" என்கிறார்கள். அவர்களுக்கு வியாபாரம்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன். பைசா செலவில்லை. உபுண்டு 24.04 என்கிற இன்னொரு லினக்ஸ் மேல் கட்டியது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதை எப்போது போடுவது என்பது நம் கையில். லாரி வாசலில் நிற்க, பனியன் பண்டலுக்கு இன்வாய்ஸ் அடிக்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே கிடைக்கிறது, கொஞ்சம் செட்டிங்ஸைத் தோண்ட வேண்டும். எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் போதும். சிக்கலான எக்செல் மேக்ரோ மட்டும் முரண்டு பிடிக்கிறது.

லினக்ஸில் வைரஸே வராது என்று என் மச்சான் அடித்துப் பேசுவான். போலி பேங்க் லிங்க்கில் ஓடிபியைக் கொடுத்தால் எந்த சிஸ்டம் காப்பாற்றும்? அது பிரவுசரில் நடக்கிற திருட்டு.

கணக்கு எழுதுகிற டேலி இதில் நேரடியாக ஓடாது. அதனால் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை.